112 அடி மனுவும் கையளவுத் திரையும்



எந்தத் தோழரின் நினைவாக இங்கே தில்லை நகரில் கூடியிருக்கிறோமோ, அவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டி நிறைய அஞ்சல் ஒப்புகை அட்டைகள். மாவட்ட ஆட்சியருக்கோ காவல் கண்காணிப்பாளருக்கோ மனு எழுதினால் பதிவுத் தபாலில்தான் அனுப்புவார். திரும்பி வரும் அட்டையின் பின்புறம் தேதியையும் ஊர்ப் பெயரையும் பென்சிலில் குறித்து நூலால் கட்டி வைப்பார். "மனு கொடுத்தது பெரிசில்ல தம்பி, கொடுத்தோம்னு காட்டணும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அப்போது எனக்கு அது ஒரு குமாஸ்தாத்தனமாகத்தான் பட்டது. அமைப்பாளர்கள் 'சமூக ஊடகமும் இளைஞர் அரசியலும்' என்று தலைப்புக் கொடுத்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெட்டிதான். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1893இல், இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் லண்டன் நாடாளுமன்றத்தில் வந்தது. காங்கிரஸ் அதை வரவேற்றது. அந்த ஆண்டுதான் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்த இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்தார். தேர்வு இங்கே நடந்தால் படிப்பைக் கையில் வைத்திருந்த சாதிகளே அதிகாரிகளாக வருவார்கள், சேரியின் தலையில் அவர்களே உட்காருவார்கள் என்பது அவர் வாதம். அந்த வாதம் சரியா தவறா என்பதை இன்றைக்கும் விவாதிக்கலாம். அவர் அதைச் செய்த விதம்தான் இங்கே நமக்கு வேண்டியது. 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனுவை ஜெனரல் செஸ்னி வழியாக லண்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். நம் மக்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராக இருந்த காலத்தில் 3,412 கையெழுத்து! ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் ஒரு வீட்டு வாசலுக்கு நடந்து போயிருக்க வேண்டும்.

1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அது கோலார் தங்கவயலுக்கும் ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. கூலி வேலைக்குக் கடல் கடந்து போனவர்கள் அதைப் படித்தார்கள், சந்தா அனுப்பினார்கள், அங்கிருந்து எழுதினார்கள். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைக் கொண்டுவந்தார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். பிறகு பஹிஷ்கிருத் பாரத், ஜனதா, பிரபுத்த பாரத். அடுத்தவன் பத்திரிகையில் நம் சாவு இரண்டு வரிச் செய்தி, நம் கோரிக்கை அதுவும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென்று ஓர் ஊடகத்தைத் தேடியது. செல்போன் நம் கைக்கு வந்ததை இந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்போதும் போனும் கையுமாக' என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள்.

அதற்காகச் செல்போன் வந்ததும் விடுதலை வந்துவிட்டது என்பவர்கள் கூட்டத்திலும் நான் இல்லை.

இங்கிருந்து பேருந்தில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயல். 2022 டிசம்பர் இறுதியில், அங்கே பட்டியலின மக்கள் குடிக்கும் பத்தாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், தண்ணீரின் மேல் சந்தேகம் வந்து, தொட்டி மேல் ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறுநாளே செல்போன் படங்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் ஊருக்கு வந்தார்கள். வந்த இடத்தில் டீக்கடையில் இரட்டைக் குவளை வெளிப்பட்டது, அய்யனார் கோயிலுக்குள் நம் மக்களை விடுவதில்லை என்பது வெளிப்பட்டது. ஆட்சியர் மக்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். அதுவும் வீடியோவாகப் பரவியது.

இது வரைக்கும் செல்போன் செய்தது பெரிய வேலை. பத்து வருடம் முன்னால் இது மாவட்டப் பதிப்பில் ஆறாம் பக்கத்தில் 'குடிநீரில் அசுத்தம்' என்று வந்திருக்கும்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. பாதிக்கப்பட்ட மக்களிடமே டிஎன்ஏ பரிசோதனைக்கு மாதிரி கேட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 60 நாளில் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போட வேண்டும். வந்ததோ 2025 ஜனவரியில், இரண்டு ஆண்டுகள் கழித்து. அதில் அதே ஊர்ப் பட்டியலின இளைஞர்கள் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது சிபிசிஐடி. ஊராட்சித் தலைவரின் கணவரோடு இருந்த பகையில் செய்தார்கள் என்றது. ஆதாரம் என்று சொன்னவற்றில் முக்கியமானவை அவர்களுடைய செல்போனில் இருந்த படங்களும் பேச்சுகளும். தொட்டியில் ஏறிப் பார்த்து எடுத்த படங்கள்தாம் அவை என்று ஊர் மக்கள் சொன்னார்கள். குற்றப்பத்திரிகை போட்ட சில நாளிலேயே வழக்கின் ஆதாரங்கள் என்ற பெயரில் படங்களும் ஒலிப்பதிவுகளும் சமூக ஊடகங்களில் சுற்றின. நீதிமன்றம் பார்க்கும் முன்பே டீக்கடையில் தீர்ப்பு எழுதப்பட்டது. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்டுகளும் குற்றப்பத்திரிகையை ஏற்க மறுத்து மத்தியப் புலனாய்வு கேட்டார்கள். பிப்ரவரியில் வழக்கு வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. இனி அது வன்கொடுமை வழக்கே இல்லை என்பதுதான் அந்த மாற்றத்தின் பொருள்.

அந்த மூன்று பேர் குற்றவாளிகளா இல்லையா என்று இந்த மேடையில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் காட்ட விரும்புவது ஒன்றே ஒன்று. அநியாயத்தை உலகத்துக்குக் காட்டிய கருவியே, காட்டியவர்களுக்கு எதிரான சான்றாக மேசையில் வைக்கப்பட்டது. படம் நம்முடையது. அதற்குப் பொருள் சொன்ன அதிகாரம் வேறொருவருடையது.

இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 2015 ஜூன் மாதம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குத் தோழியுடன் போனவர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முதன்மைக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவு மேல் ஒலிப்பதிவாக வெளியிட்டார். அவற்றைக் கேட்டுப் பெருமைப்பட்டு அடுத்தவருக்கு அனுப்பியவர்களில் படித்த இளைஞர்கள் நிறையப் பேர். இளைஞர்களின் அரசியல் ஈடுபாடு என்று ஆய்வாளர்கள் எண்ணிக் கூட்டும்போது இதுவும் அந்தக் கணக்கில்தான் வரும், மறந்துவிடாதீர்கள். நான்குமுனைச் சந்திப்பில் ஃபிளெக்ஸ் வைத்துக் காட்டிய சாதிப் பெருமை இன்று ரீல்ஸில் பின்னணி இசையோடு வருகிறது. பள்ளிக்கூடத்துப் பையன் கையில் கட்டிய வண்ணக் கயிற்றை நீதிபதி சந்துரு குழு 2024இல் தடை செய்யச் சொன்னது. நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த குழு அது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். புரொஃபைல் படத்தை யார் அவிழ்ப்பது?

கோகுல்ராஜ் வழக்கை வென்று தந்தது ஹேஷ்டேக் இல்லை. கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு வென்று தந்தது. அந்தப் பதிவில் கோகுல்ராஜும் தோழியும் வருவதும் அவர்களைச் சூழ்ந்த ஆட்களும் தெரிந்தார்கள். நேரில் பார்த்த சாட்சி பிறழ்ந்தபோதும் அந்தப் பதிவு பிறழவில்லை. அதை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு எவ்வளவோ வாதாடியது. அரசுத் தரப்பில் சிறப்பு வழக்கறிஞராக வந்த ப.பா. மோகன் அதை ஒவ்வொரு படியாக நிறுவினார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழு வருடம் ஒரு தாய் நீதிமன்றப் படியேறி இறங்கிய கதை அது. அந்த ஏழு வருடத்தில் எத்தனை ஹேஷ்டேக் பிறந்து செத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். சமூக ஊடகத்தால் இளைஞர்கள் தெருவுக்கு வந்ததற்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் காட்டும் உதாரணம் 2017 ஜனவரி. 17ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம் மெரினா நிறைந்தது; திருச்சி, மதுரை, கோவை எல்லா ஊரும் நிறைந்தது. தலைவர் இல்லை, கட்சி இல்லை. இரவில் பெண்கள் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போனேன், மறைக்கவில்லை. 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. இவ்வளவு வேகமாக அரசு பணிந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் பல ஊர்களில் வாடிவாசலில் முதல் மரியாதை யாருக்கு, விழாக் குழுவில் யார் பெயர் உண்டு, யாருக்கு இல்லை என்று கேட்டவர்களுக்கு அந்தக் கடற்கரையில் கிடைத்த பதில் 'இப்போது பிரிக்காதீர்கள்' என்பதுதான். 23ஆம் தேதி தடியடி நடந்தபோது மாணவர்கள் வீட்டுக்குப் போக முடிந்தது. அவர்களுக்கு அடைக்கலமும் தண்ணீரும் கொடுத்த நடுக்குப்பத்து மீனவர்களின் மீன் சந்தை எரிந்தது, அவர்களின் வீட்டுக் கதவுகள் உடைந்தன. கூட்டம் கலைந்த பிறகு அடி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். அந்தக் கூட்டம் யாருடையது என்று அப்போது தெரியும்.

அதே ஜனவரி 17 நமக்கு வேறொரு நாள். 2016இல் அன்றுதான் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா நம்மை விட்டுப் போனார். அவருடைய கடைசிக் கடிதம் அன்றிரவே நாட்டின் எல்லா வளாகங்களுக்கும் போனது. அவருடைய முகநூல் பதிவுகளை நிகிலா ஹென்றி தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். ஒரு மாணவரின் பதிவுகள் வரலாற்று ஆவணமாக மதிக்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நீலகிரியில் பிறந்த ரவிச்சந்திரன் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு 'தலித் கேமரா' என்ற யூடியூப் அலைவரிசையைத் தொடங்கியிருந்தார். தொலைக்காட்சிகள் நுழையாத சேரிகளும் பல்கலைக்கழக விடுதிகளும் அதில் பேசின.

2018 ஏப்ரல் 2 இன்னும் பெரியது, ஆனால் நம் ஊரில் குறைவாகவே பேசப்படுகிறது. மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன் விசாரணையும் முன் அனுமதியும் வேண்டும் என்று சொல்லிச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. பெரிய கட்சி எதுவும் அழைக்காமலே, வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பரவிய அழைப்பை நம்பி வட இந்தியா முழுவதும் நம் மக்கள் கடையடைத்துத் தெருவுக்கு வந்தார்கள். பலர் கொல்லப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்குகள் விழுந்தன. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்து அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இந்த வெற்றி ஏன் நின்றது? கேட்டது ஒரு குறிப்பிட்ட தீர்ப்பைப் பற்றி, ஒரு குறிப்பிட்ட சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவைப் பற்றி. 'நீதி வேண்டும்' என்று மட்டும் கேட்டிருந்தால் அனுதாபத்தோடு முடிந்திருக்கும்.

வெளிநாட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன். கென்யாவில் 2024 ஜூனில் இளைஞர்கள் டிக்டாக்கிலும் எக்ஸிலும் செய்த வேலை என்ன தெரியுமா? நிதி மசோதாவைப் பிரித்துப் பிரித்துப் பல மொழிகளில் மக்களுக்கு விளக்கினார்கள். அதன் பிறகுதான் தெருவுக்கு வந்தார்கள். நாடாளுமன்றத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். இலங்கையில் 2022இல் காலிமுகத் திடல் இளைஞர்கள் ஒரு குடும்ப ஆட்சியையே ஓட வைத்தார்கள். அந்தத் திடலில் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் நடந்தது, அது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் வடக்கிலும் மலையகத்திலும் பலர் 'எங்கள் பிரச்சினை விலைவாசிக்கு முன்பே தொடங்கியது' என்று தள்ளியே நின்றார்கள். நேபாளத்தில் 2025 செப்டம்பரில் சமூக ஊடகங்களைத் தடை செய்த அரசு ஒரே வாரத்தில் கவிழ்ந்தது. அடுத்த பிரதமர் யார் என்று டிஸ்கார்ட் என்ற செயலியில் இளைஞர்கள் விவாதித்தார்கள். அந்த விவாதத்தில் உட்காரும் நேரமும் கருவியும் ஆங்கிலமும் எந்தச் சாதிப் பிள்ளைக்கு இருந்தது என்பது என் கேள்வி.

இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் அண்ணன் மகன் இங்கே ஒரு கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு இரண்டு இன்ஸ்டாகிராம் கணக்கு. ஒன்றில் சொந்தப் பெயர், நண்பர்கள், சினிமா, பிரியாணி. இன்னொன்றில் நீலச் சட்டை அம்பேத்கர், பெயர் இல்லை. "ஏன்டா ரெண்டு?" என்றேன். "வளாக நேர்காணல் வருது சித்தப்பா. அதுக்கும் மேல, ரூம்ல கூட இருக்கறவனுங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றான். எனக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. நாங்கள் ஊருக்குள் சாதியை மறைத்துத்தானே இந்த நகரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். எல்லோருக்கும் ஒரு லைக் என்பது இலவசம். நம் பிள்ளைக்கு அதற்கும் ஒரு விலை இருக்கிறது. அதனால் 'ஏன் குரல் கொடுக்கவில்லை' என்று பெயரில்லாத கணக்கு வைத்திருக்கும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள்.

இனி வேலைக்கு ஆகும் சில விஷயங்கள். பேச்சு கொஞ்சம் வறட்சியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது குற்றமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 'பொதுப் பார்வையில் படும் இடத்தில்' இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. 2022இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தில் போட்ட பதிவும் அப்படிப்பட்ட இடத்தில் நடந்ததுதான், அதை யார் திறந்து பார்க்கும்போதும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது. கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்து வைத்து வாதாடலாம். எழுத்தாலோ பேச்சாலோ பட்டியலின மக்கள் மேல் பகையைத் தூண்டுவது தனிக் குற்றம். 18அ வந்த பிறகு 'முதலில் விசாரிக்கிறோம், அப்புறம் எப்ஐஆர்' என்று காவல் நிலையம் சொல்ல முடியாது. விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவர். அதே சட்டத்தின் 15அ பிரிவு, இந்த வழக்குகளின் நடவடிக்கைகள் முழுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இந்த உட்பிரிவை எத்தனை பேர் கேட்டுப் பெறுகிறோம்?

அடுத்தது சான்று. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. பழைய 65பி இப்போது 63ஆம் பிரிவு. செல்போன் வீடியோவின் நகலை நீதிமன்றத்தில் வைக்க வேண்டுமானால் ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்று கருவியைக் கையாண்டவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்றால் அந்தக் கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும். நீங்கள் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியதும் அது சுருங்கிவிடுகிறது, எடுத்த நேரம் போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. பத்தாயிரம் பேருக்குப் போன வீடியோவின் மூலம் யாரிடமும் இல்லை என்று வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடுத்த போனை விற்றுவிட்டிருப்பார்கள், அல்லது இடம் போதவில்லை என்று அழித்திருப்பார்கள்.

படம் எடுப்பதிலும் ஓர் அறம் உண்டு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் வெட்டப்பட்ட காட்சி அன்று மாலையே எல்லோர் போனிலும் இருந்தது. அழுதபடி பகிர்ந்தவர்களும் உண்டு, மிரட்டலாகப் பகிர்ந்தவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே வீடியோவைத்தான் அனுப்பினார்கள். நீதிமன்றத்துக்கு அது தேவை. நம் குடும்பக் குழுவுக்குத் தேவையா? நம் பிள்ளையின் கடைசி நிமிடத்தை அவன் தாய் எத்தனை முறை பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும் செல்போன் பார்த்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். இதே திருச்சியில் மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் பிணத்தைப் பிரித்து எழுப்பிய சுவரை எந்த ஸ்மார்ட்போனும் கண்டுபிடிக்கவில்லை. அதன் பக்கத்தில் நடந்து போனவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்தே இருந்தது.

தோழரின் தகரப் பெட்டிக்கு வருகிறேன். அதன் வேலையை இப்போது நீங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. சம்பவ இடத்துக்குப் போகும் குழுவில் ஒருவர் படம் எடுக்கட்டும், இன்னொருவர் நோட்டில் எழுதட்டும்: நேரம், இடம், யார் எடுத்தது, எந்தப் போன், யார் யார் நின்றார்கள். மூலக் கோப்பை ஒரு பென் டிரைவில் அன்றே ஏற்றி ஹாஷ் மதிப்பை அந்த நோட்டிலேயே குறித்து இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் கேட்காமல் முகத்தைக் காட்டாதீர்கள். புகாரைக் கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபால். பதிவு போடுவது அதற்குப் பிறகு. இதற்காக ஒரு மாதிரிப் படிவம் தயாரித்து வைத்திருக்கிறோம். வாசலில் புத்தக மேசையில் இருக்கிறது, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு மட்டும் நீங்கள் வாங்க வேண்டும்.